பழைய ஜீப் மிஸ்ஸிங் அடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போய் எஞ்சின் உதறுவது) என்றதும் பலரும் புது பிளக், புது ஒயர், புது காயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி மாட்டிவிடுகிறார்கள், அப்படியும் போகாவிட்டால் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐந்து பொருளைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது, புதிதாக மாட்டியதில் ஒன்று பழுதாக இருந்துவிட்டால் (கண்டென்சர், ரோட்டர் இரண்டிலும் இது அடிக்கடி நடக்கிறது) பழைய கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். சூடானபிறகா, ஈரத்திலா, ஏற்றத்திலா, வண்டி சாயும்போதா? கீழே உள்ள தலைப்புகள் இப்படி அறிகுறிவாரியாகத்தான் இருக்கின்றன, உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் செய்தே ஆக வேண்டும்.

இது பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் (காயிலின் ஸ்பார்க்கை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது) உள்ள லேண்ட் ரோவர் சீரீஸ், டொயோட்டா லேண்ட் குரூசரின் 2எஃப் மாதிரியான எஞ்சின்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஜீப் கம்பெனியின் 4.0 லிட்டர் மாதிரி பழைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு எது வேறுபடுமோ அதை அங்கங்கே சொல்கிறேன். பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், நல்ல ரப்பர் பிடி உள்ள பிளையர், வேலை செய்யும் ஒரு உதிரி பிளக், முடிந்தால் ஒரு கம்ப்ரஷன் கேஜ், இவை போதும்.

## முதலில்: ஒரே சிலிண்டரா, மாறி மாறியா?

எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் உடனே தொய்ந்து உதறும், செத்த சிலிண்டர் என்றால் கழற்றினாலும் எந்த மாற்றமும் இருக்காது. கழற்றிய ஒயரை அந்தரத்தில் விடக் கூடாது. உதிரி பிளக்கை அதில் செருகி, பிளக்கின் உடல் எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பார்க் போக வழியில்லாமல் காயிலையோ எலக்ட்ரானிக் மாட்யூலையோ அடித்துவிடும். கையால் பிடிக்கவே வேண்டாம், எலக்ட்ரானிக் இக்னிஷன் அடிக்கும் அடி சாதாரணமாக இருக்காது. சைலன்சர் வரிசையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் ஒவ்வொரு ஒயருக்கும் சில நொடிகள்தான், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து கன்வெர்ட்டரைச் சிவக்க வைத்துவிடும்.

எப்போதும் ஒரே சிலிண்டர்தான் செத்திருக்கிறது என்றால் அந்த சிலிண்டருக்கு மட்டும் சொந்தமானதைப் பாருங்கள்: அதன் பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அதன் முனை, வால்வு, இன்ஜெக்டர். நேராக "ஒரே சிலிண்டர்" தலைப்புக்குப் போங்கள்.

மாறி மாறி எல்லா சிலிண்டரிலும் வருகிறதென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானது கெட்டிருக்கிறது: காயில், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை எழுப்புவது), கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), ரோட்டர் (மூடிக்குள் சுற்றி ஸ்பார்க்கைப் பங்கிடுவது), எர்த், பெட்ரோல் வரத்து, ஏர் லீக்.

இரண்டு சிலிண்டர் சேர்ந்து செத்திருக்கிறது, கூடவே பேக்ஃபயரும் அடிக்கிறது, சமீபத்தில் யாரோ ஒயர்களைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றால் ஒயர் இடம் மாறியிருக்கிறது. லேண்ட் ரோவர் சீரீஸ் நான்கு சிலிண்டருக்கு ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ஜீப் 4.0 லிட்டருக்கும் டொயோட்டா 2எஃபுக்கும் 1-5-3-6-2-4. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு அந்தத் திசையில் எண்ணுங்கள்.

கழற்றிய கையோடு பிளக் முனைகளையும் பார்த்துவிடுங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் எரியவே இல்லை. எண்ணெய் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் குறைவு, எங்கோ ஏர் இழுக்கிறது. மற்றவை எல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

## ஐட்லிங்கில் உதறுகிறது, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது

பெரும்பாலும் ஏர் லீக். இந்த வண்டிகள் குலுங்கிக் குலுங்கி ஓடுவதால் கார்புரேட்டர் அடிப்பகுதி நட்டும் மேனிஃபோல்டு போல்ட்டும் தளர்வது சகஜம், அதனால் முதல் வேலை எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துத் தொட்டுப் பார்ப்பது. அடுத்து வேக்கம் குழாய்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போவது, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது, டேப்பெட் மூடியிலிருந்து வரும் பிரீதர் குழாய். ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், வெளியே நன்றாக இருக்கும் ரப்பர் வளைக்கும்போது வெடிப்பு காட்டும். பூஸ்டர் குழாயை இறுக்கிப் பிடித்து அடைத்தால் உதறல் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் பூஸ்டரோ அதன் குழாயோதான். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக் சம்பந்தப்பட்டது.

குழாய்கள் நன்றாக இருந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட். நான் மேலே சொன்ன மூன்று எஞ்சின்களிலுமே இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, சூடேறி ஆறி சூடேறி ஆறி அந்தக் கேஸ்கெட் விட்டுக்கொடுப்பது மிகவும் வழக்கம். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து ஐட்லிங் மாறுகிறதா என்று பார்க்கும் முறையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதே இடத்தில் எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும், தீப்பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினை இப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறீர்கள் என்றால் இன்லெட் இணைப்பில் தண்ணீரை மெல்லிய ஸ்பிரேயாக அடித்துப் பாருங்கள், அதுவே போதும், லீக் உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் சத்தம் மாறும்.

ஏர் லீக் எங்கும் இல்லை என்றான பிறகுதான் கார்புரேட்டர். ஐட்லிங் ஜெட்டில் சிறு தூசி அடைத்தாலும் இதே உதறல் வரும், ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகினால் எந்த மாற்றமும் தெரியாது என்பதுதான் அதன் அடையாளம். ஜெட்டைக் கழற்றிக் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஐட்லிங் கட்-ஆஃப் சோலனாய்டு இருந்தால் சாவி போட்டதும் "டிக்" என்று கேட்க வேண்டும். த்ராட்டில் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் அந்த இடைவெளி வழியே ஏர் போகிறது, அதற்கு புஷ் அடித்துச் சரிசெய்வது கார்புரேட்டர் வேலை தெரிந்தவர் கையில்தான்.

## ஐட்லிங் நன்றாக இருக்கிறது, ஏற்றத்திலோ பாரத்திலோ மிஸ்ஸிங்

இங்கே தீர்மானிக்க வேண்டியது ஸ்பார்க்கா பெட்ரோலா என்பதை. ஸ்பார்க் விடுபட்டால் வெட்டு வெட்டாகச் சுண்டும், மிதித்த கணமே தெரியும். பெட்ரோல் பற்றவில்லையென்றால் கொஞ்ச தூரம் நன்றாக இழுத்துவிட்டு மெல்ல மெல்லச் சக்தி குறையும், கால் எடுத்தால் சற்று நேரத்தில் திரும்ப வரும். இன்னொரு நல்ல சோதனை: மிஸ்ஸிங் வரும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். உடனே தேறினால் பெட்ரோல் குறைவு. மாற்றமில்லை, அல்லது இன்னும் மோசமாகிறது என்றால் ஸ்பார்க் பக்கம் தேடுங்கள்.

ஸ்பார்க் என்றால் வரிசை இது. பிளக் இடைவெளி: பாயிண்ட் வைத்த லேண்ட் ரோவர் சீரீஸுக்கு சுமார் 0.75 மி.மீ., ஜீப் 4.0க்கு சுமார் 0.9 மி.மீ. தேய்ந்து அகன்ற பிளக் ஐட்லிங்கில் தாக்குப்பிடிக்கும், பாரத்தில் கைவிடும். அடுத்து பாயிண்ட் இடைவெளி, சீரீஸுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் முகம் கருகி நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். அப்புறம் பிளக் ஒயர்கள். இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து ஒருவர் ரேஸ் கொடுக்க இன்னொருவர் பார்த்தால், நீலக் கோடு எந்த ஒயரிலிருந்து இரும்புக்குத் தாவுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். மல்டிமீட்டரில் எல்லா ஒயரின் ஓமையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், நீளமான ஒயருக்கு அதிகம் காட்டுவது இயல்பு, ஆனால் ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ இணைப்பே இல்லை என்று காட்டினாலோ அதைத் தூக்கிப் போடுங்கள்.

மூடியும் ரோட்டரும் கடைசியாகப் பார்க்கப்படுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் ரோட்டர் கண்ணுக்கு முழு ஆரோக்கியமாக இருந்துகொண்டே உள்ளுக்குள் ஷாஃப்ட்டுக்கு ஸ்பார்க்கைக் கசியவிடும். மூடியைக் கழற்றுங்கள், ரோட்டர் இடத்திலேயே இருக்கட்டும், காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையைப் பிளையரால் பிடித்து ரோட்டரின் நடுப் பித்தளைக்கு சுமார் 6 மி.மீ. மேலே வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நடுவில் தொடர்ந்து ஸ்பார்க் தாவினால் ரோட்டர் கசிகிறது, மாற்றுங்கள். மாற்றும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மூடி, கண்டென்சர் எதையும் எறியாமல் உதிரியாக வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால் ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். பின்பு டேங்க் மூடியைத் திறந்து ஓட்டிப் பார்க்கலாம் (சமதளத்தில், மெதுவாக, டேங்க் நிரம்பாமல் இருக்கும்போது மட்டும்). திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளையோ வென்ட் குழாயோ சேறால் அடைத்திருக்கிறது, சேற்றில் ஓடும் வண்டிகளில் இது நிறைய. அப்புறம் பம்ப். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயிலின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டு ஆனால் வலுவாகப் பீச்ச வேண்டும். ஒழுகினால் போதாது. பக்கத்தில் நெருப்போ சூடான எக்ஸாஸ்டோ இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

## தண்ணீரைக் கடந்த பிறகு, அல்லது மழையில்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடையுங்கள். உலர்ந்த துணி, அதன்பின் டபிள்யூடி-40 மாதிரி ஈரம் விரட்டும் ஸ்பிரே, மறுபடி துடைப்பு. பிளக் ஒயரின் பூட்ஸுக்குள்ளும் காயிலின் கோபுரத்திலும் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் இத்துடன் ஓடிவிடும்.

ஓடிவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கரிக்கோடு இருக்கும், ஈரத்தில் ஸ்பார்க் தாவிய தடம் அது. சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். புது மூடி மாட்டும்போது ஒயர் பூட்ஸுக்குள் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள்.

உலர்த்திய பிறகும் மிஸ்ஸிங் நிற்கவில்லை, நாட்கள் கழித்தும் தொடர்கிறது என்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஃபில்டரில் அல்லது கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துச் சற்று நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். டேங்கைக் காலி செய்து, டேங்கின் வென்ட் குழாய் எந்த உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள், அதை மேலே ஏற்றிக் கட்டாதவரை அடுத்த ஆற்றிலும் இதேதான்.

## குளிரில் சரி, சூடானதும் மிஸ்ஸிங் அல்லது நின்றுவிடுகிறது

ஆறினால் தானாகச் சரியாகும் என்பதால் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது வண்டி நன்றாகவே ஓடும். அதனால் கோளாறு வரும் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும். உதிரி பிளக்கைக் காயில் ஒயரில் செருகி எஞ்சின் இரும்பில் எர்த் செய்து செல்ஃப் அடியுங்கள். தடித்த நீல ஸ்பார்க் வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள், மெலிந்த மஞ்சள் ஸ்பார்க் அல்லது ஒன்றுமே இல்லையென்றால் ஸ்பார்க் பக்கம்.

ஸ்பார்க் பக்கம் மலிவானது கண்டென்சர், அதை முதலில் மாற்றுங்கள். அடுத்து காயில். காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கிடையே ஓம் எடுத்தால் பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது) இல்லாத பழைய அமைப்புக்கு சுமார் 3 ஓம், பேலஸ்ட் உள்ளதற்கு சுமார் 1.5 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் காயிலை பேலஸ்ட் இல்லாத வண்டியில் மாட்டியிருந்தால் காயில் தொட முடியாத சூடாகும், பாயிண்ட்டும் சீக்கிரம் கருகும். கைமாறி வந்த பழைய வண்டிகளில் இந்தத் தவறு நிறைய இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் மாட்யூல், இன்ஜெக்‌ஷன் என்றால் கிராங்க் சென்சார், இரண்டுமே சூட்டில் செத்து ஆறினால் உயிர்பெறும். ஈரத்துணியால் குளிரவைத்ததும் ஸ்டார்ட் ஆகிறதென்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால் குழாயில் ஆவி அடைப்பு. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா, வெப்பத் தடுப்புத் தகடு கழன்று போய்விட்டதா என்று பாருங்கள். ஜீப் 4.0 எஞ்சினின் 2000ஆம் ஆண்டை ஒட்டிய மாடல்களில், சூடாக நிறுத்திச் சற்று நேரம் கழித்து மறுபடி எடுக்கும்போது மூன்றாம் சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் அடிப்பது தெரிந்த பிரச்சினை, இன்ஜெக்டர் எக்ஸாஸ்ட் சூட்டில் கொதிப்பதால் வருவது, இன்ஜெக்டருக்கு வெப்ப உறை போட்டால் பெரும்பாலும் தீரும்.

## குலுங்கும்போதும் சாயும்போதும் மட்டும்

எர்த். வேறெதற்கும் முன்னால் எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடுகிறது, சேசிஸ் ஆடாமல் நிற்கிறது, இடையில் உள்ள பின்னல் பட்டை அறுந்து இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனை எஞ்சின் இரும்பில் வைத்து செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையை மாற்றுங்கள், இரு முனையிலும் பெயிண்ட் போகச் சுரண்டி இறுக்குங்கள்.

எர்த் சரியென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தகட்டுக்குப் போகும் சின்ன ஒயர். வேக்கம் அட்வான்ஸ் இழுக்க இழுக்க அது வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். பார்த்தால் தெரியாது, இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளும். ரோட்டரைப் பிடித்து ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, பாயிண்ட் இடைவெளி நிலையாக நிற்காது.

செங்குத்தில் மட்டும் திணறி, பெட்ரோல் நாற்றமும் கரும்புகையும் வந்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் மட்டம் அதிகம். நாற்றமில்லாமல் எஞ்சின் வற்றிப்போனால் டேங்கில் பெட்ரோல் குறைவு அல்லது அடியில் உள்ள கசடு உறிஞ்சு குழாயை அடைக்கிறது.

## எப்போதும் ஒரே சிலிண்டர்

இடம் மாற்றிப் பாருங்கள், செலவே இல்லை. செத்த சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டருக்கு மாற்றி மறுபடி சோதியுங்கள். மிஸ்ஸிங் பிளக்கோடு நகர்ந்தால் பிளக். நகரவில்லையா, அப்படியே ஒயரை மாற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இன்ஜெக்டரையும் இப்படி மாற்றலாம், ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரில் தொட்டு, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எல்லா இன்ஜெக்டரும் ஒரே மாதிரி "டிக் டிக்" என்க வேண்டும். ஓபிடி-2 (கோளாறைக் குறியீட்டு எண்ணாகக் காட்டும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் பி0301 என்பது முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் இல்லாமல் பொதுவாக. கூடவே ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று காட்டினால் நம்பி இன்ஜெக்டர் வாங்கிவிடாதீர்கள், எரியாத சிலிண்டரிலிருந்து எரியாத காற்றும் வெளியே வருவதால் சென்சார் அப்படித்தான் காட்டும்.

எதுவும் நகரவில்லை என்றால் கம்ப்ரஷன். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள், எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், காயில் இணைப்பைப் பிடுங்குங்கள், பெட்ரோல் வராமல் செய்யுங்கள், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. ஜீப் 4.0க்கு 120 முதல் 150 பிஎஸ்ஐ, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. உங்கள் எஞ்சின் வேறு என்றாலும் அளவைவிட வித்தியாசத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று குறைவாக இருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங். ஏறவில்லையென்றால் வால்வு, அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம், முதலில் டேப்பெட் இடைவெளி (சீரீஸ் 2.25 லிட்டர் பெட்ரோலுக்கு 0.25 மி.மீ.; ஜீப் 4.0க்கு ஹைட்ராலிக், சரிசெய்ய ஒன்றுமில்லை). இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுக்க மூடாது. சரியாக வைத்துக் கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கம்ப்ரஷனை மறுபடி எடுங்கள், திரும்ப வந்துவிட்டால் பெரிய செலவு தப்பியது. வைத்த இடைவெளி சீக்கிரமே மறுபடி இறுகிவிட்டால் வால்வு சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது ஹெட் வேலை.

## எந்த இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்

டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலோ எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு சிலிண்டர் தடுமாறி, வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் வெளியே ஒழுகாமலே குறைந்துகொண்டு வந்தால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். 0331 என்று வார்ப்பு எண் உள்ள ஜீப் 4.0 ஹெட் மூன்றாம் நான்காம் சிலிண்டருக்கு நடுவில் விரிசல் விடுவதற்குப் பெயர்போனது, அந்த எண் இருந்தால் கேஸ்கெட் என்று முடிவுகட்டும் முன் ஹெட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். மிஸ்ஸிங்கோடு அடியில் தட்டும் சத்தமும் சேர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

காட்டு நடுவில் ஒரு சிலிண்டர் செத்துப்போய் வெளியே வந்தாக வேண்டும் என்றால், இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள், பெட்ரோல் எரியாமல் போய் சிலிண்டரைக் கழுவாது. கார்புரேட்டர் வண்டியில் அந்த வசதி இல்லை, குறைந்த தூரம், குறைந்த ரேஸ், போய்ச் சேர்ந்ததும் ஆயில் மாற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் எண்களையும், எந்த சிலிண்டர், எப்போது வருகிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஹெட்டை எப்படியும் கழற்றுகிறார் என்றால் லீக்-டவுன் டெஸ்ட்டை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது) கழற்றும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள்: காற்று கார்புரேட்டர் வழியே சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி என்றால் கேஸ்கெட் அல்லது விரிசல். லெட் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த பழைய ஹெட் என்றால் அதே வேலையோடு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடச் சொல்லுங்கள்.